நெருப்பு வைத்தால் குளிரும் பெட்டி

வண்டிக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போகும் வீட்டு டிரெய்லரை வாங்கி வந்து வாசலில் நிறுத்திய அன்று, அம்மா உள்ளே போய் மெத்தையை அமுக்கிப் பார்த்தாள். பிள்ளைகள் மேல் படுக்கைக்காக அடித்துக்கொண்டார்கள். அப்பா மட்டும் உள்ளே காலே வைக்கவில்லை. வெளிச்சுவரில் ஒரு பிளாஸ்டிக் மூடி இருந்தது. அதை ஒரு காசால் திருகிக் கழற்றிவிட்டுக் குனிந்தவர் வெகுநேரம் நிமிரவே இல்லை.

"ஏத்தா, இந்த ஃபிரிட்ஜுக்குக் கம்ப்ரசர் எங்க?"

அப்பா மதுரை கீழவாசல் பக்கம் ஒரு சந்தில் முப்பது வருடம் ஃபிரிட்ஜ், ஏசி ரிப்பேர் பார்த்தவர். அதற்கு முன் தூத்துக்குடியில் ஐஸ் ஃபேக்டரியில் வேலை. ஆறு மாதம் எங்களோடு இருக்க டல்லாஸுக்கு வந்திருந்தார். நாங்கள் வாங்கியது 25 அடி நீள வண்டி, பத்து வருடம் பழையது. விற்றவர் "எல்லாம் வேலை செய்கிறது" என்றார். எப்படி வேலை செய்கிறது என்று நாங்கள் கேட்கவில்லை. அப்பாவுக்கு அதைக் கேட்காமல் தூக்கம் வராது.

கம்ப்ரசர் இருக்கவேண்டிய இடத்தில் வளைந்து வளைந்து போகும் கறுப்புக் குழாய்களும், அடியில் ஒரு சின்ன கேஸ் அடுப்பும் இருந்தன. அடுப்பு என்று சொல்வதுகூட அதிகம். விரல் மொத்தத்தில் ஒரு குழாய், அதில் தீக்குச்சிக் கணக்கில் ஒரு நீலச் சுடர். அந்தச் சுடரை வைத்துத்தான் உள்ளே ஐஸ் கட்டுகிறது என்று நான் சொன்னபோது அப்பா என்னைப் பார்த்த பார்வை, பத்தாம் வகுப்பில் கணக்கில் நான் வாங்கிய மார்க்கைப் பார்த்த பார்வை.

பிறகு ராத்திரி முழுக்க உட்கார்ந்து படம் பார்த்துப் புரிந்துகொண்டார். மறுநாள் காலை காபியோடு எனக்குப் பாடம்.

குழாய்க்குள் இருப்பது தண்ணீரும் அம்மோனியாவும் ஹைட்ரஜனும். சுடர் சுட்டதும் அம்மோனியா ஆவியாகிக் கிளம்பும். உலை கொதிக்கும்போது கொப்புளம் தண்ணீரையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு மூடியை இடிக்குமே, அதே மாதிரி மெல்லிய குழாயில் தண்ணீரும் மேலே ஏறும். அதுதான் பம்ப். அம்மோனியா மேலே போய்க் குளிர்ந்து திரவமாகி, ஹைட்ரஜன் நிறைந்த பகுதிக்குள் இறங்கும். இங்கேதான் அப்பா காபியைக் கீழே வைத்தார். அவர் தொழிலில் கம்ப்ரசரின் வேலையே ஒரு பக்கம் அழுத்தத்தைக் கூட்டி மறுபக்கம் குறைப்பது. இந்தக் குழாயில் எல்லா இடத்திலும் ஒரே அழுத்தம். ஆனால் இங்கே அதில் பெரும்பகுதியை ஹைட்ரஜன் எடுத்துக்கொள்வதால் அம்மோனியாவின் பங்கு விழுந்துவிடுகிறது. அது ஆவியாகிறது, ஆவியாகும்போது பெட்டிக்குள் இருக்கும் சூட்டை உறிஞ்சிக்கொள்கிறது. கடைசியில் தண்ணீர் வந்து அம்மோனியாவைக் கரைத்துக் கூட்டிப் போகும், ஹைட்ரஜன் தன் இடத்துக்குத் திரும்பும்.

"சுத்துற சாமானே ஒண்ணும் கிடையாது. தேயுறதுக்கு என்ன இருக்கு? யாரு செஞ்சது இத?"

1922-இல் ஸ்டாக்ஹோமில் பொறியியல் படித்துக்கொண்டிருந்த பால்ட்சார் வான் பிளாட்டன், கார்ல் முன்டெர்ஸ் என்ற இரண்டு மாணவர்கள் என்றேன். எலக்ட்ரோலக்ஸ் நிறுவனம் அதை வாங்கி 1925-இலிருந்து விற்றது. ஐன்ஸ்டைனும் சிலார்டு என்ற இன்னொரு இயற்பியலாளரும்கூட ஓடும் பாகம் இல்லாத ஒரு ஃபிரிட்ஜுக்கு 1930-இல் அமெரிக்கக் காப்புரிமை வாங்கினார்கள், ஆனால் அது யார் அடுப்படிக்கும் போகவில்லை. அப்பாவுக்கு ஐன்ஸ்டைன் முக்கியமாகப் படவில்லை. "படிக்கிற பசங்களா?" என்று மட்டும் இரண்டு தரம் கேட்டார். மலை எஸ்டேட் பங்களாக்களில் மண்ணெண்ணெயில் ஓடும் ஃபிரிட்ஜ் உண்டு என்று சின்ன வயதில் கேள்விப்பட்டபோது யாரோ கதை விடுகிறார்கள் என்று நினைத்தாராம்.

ஜூலையில் ஒரு ஏரிக்கரைக்குப் போனோம். வெளியே 41 டிகிரி. டிரெய்லர் ஏசி கூரை மேல் உட்கார்ந்திருக்கும், குளிரூட்டும் திறன் 13,500 பி.டி.யூ. அதற்கான ஓட்டை 14 அங்குலச் சதுரம். காற்றுப் போக வைக்கும் கூரை ஜன்னலுக்கும் அதே அளவுதான். ஜன்னலைப் பிடுங்கிவிட்டு ஏசியை வைக்க வேறு எதையும் வெட்டவேண்டாம். யாரோ யோசித்திருக்கிறார்கள். யோசிக்காதது சுவரை. அப்பா விரலால் தட்டிப் பார்த்தார், டப்பா மாதிரிச் சத்தம். "ஒரு டன்னுக்கு மேல ஏசி. நம்ம மாடி ரூமுன்னா இந்நேரம் போர்வை தேடணும். இது ரெண்டு இஞ்சு சுவரு, எப்படி நிக்கும் குளிர்?" கடையில் போய் வெள்ளைத் தெர்மாகோல் அட்டை வாங்கி, கூரை ஜன்னலுக்கும் குளியலறை மேல் கண்ணாடிக்கும் அளவெடுத்து வெட்டிச் செருகினார். மதுரைக்காரர்களுக்கும் தெர்மாகோலுக்கும் உள்ள உறவு ஊரறிந்தது என்பதால் என் வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். ஆனால் இது வேலை செய்தது.

மின்சாரம்தான் அடுத்த வில்லங்கம். எங்கள் வண்டிக்கு 120 வோல்ட்டில் 30 ஆம்ப், அதாவது 3,600 வாட். ஏசி ஓடும்போதே பாதியை எடுத்துக்கொள்ளும், கிளம்பும்போது இன்னும் அதிகம் கேட்கும். அம்மா இண்டக்‌ஷன் அடுப்பில் ரசம் வைத்தாள். டப். எல்லாம் அணைந்தது. அந்த மூன்று நாளும் "ஏசிய அணைங்க, தாளிக்கணும்" என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் சமையல். மூன்றாம் நாள் ஏசி நிஜமாகவே கிளம்ப மறுத்தது. காற்று வருகிறது, குளிர் இல்லை. அப்பா கூரைக்குக் காதைக் கொடுத்தார். "உம்முன்னு முக்குது, கிளம்பல. கெப்பாசிட்டர் போயிருச்சு மாப்ள, ஏணி எடுங்க." மேலே போய் மூடியைக் கழற்றினால், மோட்டாரைக் கிளப்பிவிடும் அந்தக் கெப்பாசிட்டர் பூரி மாதிரி உப்பியிருந்தது. திருப்புளியால் இரண்டு முனையையும் தொட்டு மிச்ச மின்சாரத்தை இறக்கிவிட்டு, புதிதை மாட்டினார். கீழே இறங்கும்போது கீழவாசல் கடையைத் திறந்துவிட்டு வந்தவர் மாதிரி இருந்தார்.

ஏசி வராத காலத்தில் இந்த ஊரில் என்ன செய்தார்கள் என்று அன்று ராத்திரி பேச்சு வந்தது. ஏர்ஸ்ட்ரீம் கம்பெனி 1936-இல் விட்ட கிளிப்பர் என்ற அலுமினிய டிரெய்லரில் உலர்பனிக்கட்டி வைத்துக் காற்றைக் குளிர்விக்க ஓர் ஏற்பாடு இருந்தது. பாலைவனத்தில் போகிறவர்கள் கார் ஜன்னலில் ஓர் உருளையை மாட்டி, உள்ளே தண்ணீர் ஊற்றி, ஈரத்தின் வழியாகக் காற்று வரும்படி செய்தார்கள். "வெட்டிவேர்த் தட்டிதான" என்றாள் அம்மா. அதேதான். அரிசோனாவின் வறண்ட காற்றில் அது நடக்கும். மெட்ராஸ் புழுக்கத்தில் தண்ணீர் ஆவியாகவே இடமில்லாமல் நசநசவென்று ஆகும்.

அக்டோபரில், அப்பாவும் அம்மாவும் ஊருக்குத் திரும்புவதற்கு முன், கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்புக்குப் போனோம். வழியில் ஒரு ராத்திரி காட்டோரமாக, லேசாகச் சரிந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். காலையில் ஃபிரிட்ஜைத் திறந்தால் இட்லிமாவு பொங்கி, தட்டுத் தட்டாக வழிந்து, காய்கறிப் பெட்டிக்குள் இறங்கியிருந்தது. அப்பா மாவைப் பார்க்கவில்லை, டயரைப் பார்த்தார். மோட்டார் பம்ப் கிடையாது, எல்லாம் தானாக வழிந்து இறங்கவேண்டிய குழாய்கள்; சாய்ந்தால் திரவம் ஒரு மூலையில் தேங்கிவிடும். அப்படியே சுட்டுக்கொண்டிருந்தால் துருப்பிடிக்காமல் இருக்கக் கலந்த உப்பு கட்டி தட்டிக் குழாயையே அடைத்துவிடும். அன்று முதல் அவர் கையில் கொத்தனார் ரசமட்டம். இரண்டு டயருக்கு அடியில் பலகை செருகி, குமிழி நடுவில் வந்த பிறகுதான் யாரும் உள்ளே நடக்கலாம்.

கேன்யன் விளிம்பு கிட்டத்தட்ட 2,100 மீட்டர் உயரம். நாங்கள் தங்கிய மேதர் முகாமில் மின் இணைப்பு கிடையாது. ராத்திரி குளிர் பூஜ்யத்துக்குக் கீழே போகும் என்று தெரிந்தே போனோம். கேஸ் சிலிண்டர் இரண்டும் நிறைந்திருந்தன, அந்தத் தெம்பு. விடியற்காலை நாலு மணிக்கு அம்மா என்னை எழுப்பினாள். ஹீட்டர் ஊதுகிறது, ஆனால் வருவது பச்சைத்தண்ணீர் மாதிரிக் காற்று.

அப்பா ஏற்கனவே தொப்பியும் மஃப்ளருமாக டார்ச் அடித்துக்கொண்டிருந்தார். இந்த ஹீட்டரில் முதலில் ஊதுவிசிறி சுற்றவேண்டும். அந்தக் காற்று ஒரு சின்னத் தகட்டைத் தள்ளவேண்டும். தகடு நகர்ந்து சுவிட்ச் விழுந்தால்தான் கேஸ் திறக்கும், பொறி பறக்கும். காற்றோட்டம் இல்லாமல் நெருப்பு எரியக்கூடாது என்பதற்கான காவல் அது. நல்ல யோசனைதான். ஆனால் விசிறி ஓடுவது 12 வோல்ட் பேட்டரியில், ஏழு ஆம்ப் தின்று. எங்களிடம் இருந்தது ஒரே ஓர் ஈய பேட்டரி. நாலு மணிக்கு அது தளர்ந்துவிட்டது. விசிறி நொண்டியது, தகடு நகரவில்லை. முப்பதாயிரம் பி.டி.யூ. ஹீட்டரும் இரண்டு சிலிண்டர் கேஸும் அந்த ஒரு தகட்டுக்காகக் காத்துக் கிடந்தன. பக்கத்தில் ஃபிரிட்ஜும் அணைந்திருந்தது. பழைய மாடல்களுக்கு மின்சாரமே வேண்டாம். பிற்காலத்தில் அதற்கும் ஓர் எலெக்ட்ரானிக் போர்டு வைத்துவிட்டார்கள், அதற்குக் கொஞ்சம் பேட்டரி வேண்டும். அப்பாவுக்கு வந்த கோபம் முழுக்க அந்த போர்டின் மேல்தான். "அந்தப் பசங்க கரண்டே வேணாம்னு செஞ்சு குடுத்தான். அதுக்குப் போயி கரண்ட மாட்டி வச்சிருக்கானுவ."

மறுநாள் ஃபிளாக்ஸ்டாஃப் ஊருக்குப் போய் பேட்டரி தேவைப்படாத கேட்டலிட்டிக் ஹீட்டர் ஒன்று வாங்கினேன். சுடர் கிடையாது, தகடு மட்டும் கனிந்து வெம்மை தரும். ஜன்னலை இரண்டு விரல் திறந்து வைத்தால்தான் கொளுத்தவிடுவேன் என்று அப்பா சொல்லிவிட்டார். அப்படியும் காலையில் கண்ணாடியெல்லாம் தாரையாக வழிந்தது, மெத்தை ஓரம் நனைந்திருந்தது. சிலிண்டரில் இருக்கும் புரொபேன் கேஸ் எரிந்தால் தண்ணீர் வரும். ஒரு கிலோவுக்கு ஒன்றரை லிட்டருக்கும் மேல். பழைய ஹீட்டர் அதைக் குழாய் வழியாக வெளியே தள்ளிவிட்டது, இது நம் போர்வைக்குள் விட்டுவிட்டது. பேசாமல் இரண்டாவது பேட்டரி வாங்கியிருக்கலாம். அதையும் வாங்கினேன்.

போன வருடம் ஃபிரிட்ஜ் செத்துப்போனது. வீடியோ காலில் பின்பக்கத்தைக் காட்டினேன். கொதிகுழாய் ஓரத்தில் மஞ்சள் பொடி படிந்திருந்தது, மூக்கைத் துளைக்கும் அம்மோனியா. "மஞ்சப் பொடியா? முடிஞ்சுதுத்தா" என்றார். ஐஸ் ஃபேக்டரிக்காரர் மூக்குக்கு போனிலேயே வாடை தெரிந்திருக்கவேண்டும்.

இப்போது இருப்பது 12 வோல்ட் கம்ப்ரசர் ஃபிரிட்ஜ். கூரையில் சோலார் தகடு, கீழே லித்தியம் பேட்டரி. சில மணி நேரத்திலேயே குளிர்ந்துவிடுகிறது, சரிவில் நிறுத்தினாலும் கவலை இல்லை, இட்லிமாவு அடக்க ஒடுக்கமாக இருக்கிறது. எல்லா விதத்திலும் தேவலை. அப்பாவிடம் சொன்னபோது "ம்" என்றார். பிறகு, பழசிலிருந்து அந்த அடுப்பை மட்டும் கழற்றி எடுத்துவரச் சொன்னார்.

பெட்டியில் சேலைகளுக்கு நடுவே சுற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கீழவாசல் கடையை இப்போது நடத்தும் பையன்களிடம் அதைக் காட்டி, இதில் நெருப்பு வைத்தால் அங்கே ஐஸ் கட்டும் என்கிறாராம். ஒருத்தனும் நம்புவதில்லை. போன வாரம் போனில் கேட்டார், "அந்தக் குழாயெல்லாம் எங்கத்தா போட்ட?"