ஹேண்டில்பாரில் மாட்டிய போன் ஊருக்குப் பொது

பைக்கில் வழி பார்க்கப் போனை எங்கே வைப்பது என்பதில் எங்கள் வீட்டில் நடந்த பரிசோதனைகள் கொஞ்சநஞ்சமல்ல. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஹெல்மெட்டுக்குள் ஒரு காதில் மட்டும் இயர்போன் செருகிப் பார்த்தேன். "200 மீட்டரில்" என்று குரல் ஆரம்பிக்கும். அந்த நேரம் பார்த்துப் பக்கத்தில் ஒரு தண்ணி லாரி ஹாரன் அடிக்கும். வலதா இடதா என்பது லாரிக்காரருக்கே வெளிச்சம். அப்புறம் வீட்டம்மாவைப் பின்னால் உட்காரவைத்து, போனை அவர் கையில் கொடுத்தேன். அவர் சொல்லும் வழி எப்போதும் சரியாகத்தான் இருக்கும். "இந்தப் பக்கம்" என்று கையை நீட்டிச் சொல்வார். எனக்கு முதுகில் கண் இல்லை என்பதுதான் ஒரே குறை. "எந்தப் பக்கம்?" என்று கேட்பதற்குள் அந்தப் பக்கம் பின்னால் போயிருக்கும். அதற்குப் பிறகு ரெண்டு சிக்னல் வரைக்கும் வண்டியில் பேச்சுவார்த்தை இருக்காது.

குடும்ப அமைதியை முன்னிட்டு ஒரு மொபைல் ஹோல்டர் வாங்கிவிடலாம் என்று முடிவானது. ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் ஒரு ஹோல்டரைக் கையில் எடுத்தபடியே, "என்ன வண்டி?" என்றார். "புல்லட்" என்றேன். எடுத்த ஹோல்டரைப் பேசாமல் உள்ளே வைத்துவிட்டார்.

"இதை மாட்டினா வழி தெரியும் சார். அப்புறம் படம் தெரியாது."

சொன்னதோடு நிற்காமல் மேசை டிராயரிலிருந்து தன்னுடைய பழைய போனை எடுத்துக் கேமராவைத் திறந்து காட்டினார். திரையில் எதிர்க்கடை போர்டு நெளிந்தது. போனைக் காதில் வைத்தால் உள்ளே ஒரு வண்டு கத்தியது. நம் கை நடுங்கினாலும் படம் கலங்காமல் இருக்க, இப்போதைய கேமராக்களில் லென்ஸைச் சின்னச் சின்னக் காந்தங்கள் நகர்த்தி ஈடுகட்டும். எஞ்சின் அதிர்வை நாள் முழுக்க நேராக வாங்கினால் அந்த அமைப்பு நாளடைவில் கெட்டுப்போகும். ஆப்பிள் நிறுவனமே 2021 செப்டம்பரில் இதை எழுதிவைத்து எச்சரித்திருக்கிறது. ஒற்றை சிலிண்டர் புல்லட்டில் கண்ணாடி ஆடும், இண்டிகேட்டர் ஆடும், ஓட்டுகிறவன் தாடையே ஆடும். பாவம் அந்த லென்ஸ் எந்த மூலைக்கு?

ஆகவே நாலு மூலையையும் கவ்வும் ஒரு ஹோல்டரும், அதற்கும் கம்பிக்கும் நடுவில் ரப்பர் வைத்த அதிர்வு தாங்கியும் சேர்த்து வாங்கினேன். விலையைக் கேட்டதும் பழைய வழிமுறைகள் மேல் திடீரென்று மரியாதை வந்தது. பையன் ஒருவன் வந்து 22 மில்லிமீட்டர் கம்பியில் ரப்பர் பட்டையைச் சுற்றி, ஆலன் கீ போட்டு முறுக்கினான். ஓரத்தில் வேண்டாம், அங்கேதான் ஆட்டம் அதிகம், நடுவில் வைத்தால் ஆட்டம் குறையும் என்று அவனே இடம் பார்த்து வைத்தான். கூடவே ஒரு யுஎஸ்பி சாக்கெட்டும் போட்டான். "பேட்டரியில நேரா எடுக்கலண்ணே. சாவி போட்டாத்தான் கரண்ட் வரும். இல்லன்னா வண்டி சும்மா நிக்கறப்பவும் உறிஞ்சும், காலையில தள்ளிட்டுத்தான் போவீங்க." கடைசியில் போனை மாட்டி, போனைப் பிடித்தே மொத்த வண்டியையும் உலுக்கிக் காட்டினான். வண்டி ஆடியது, போன் அசையவில்லை. எனக்குத்தான் நெஞ்சு ஒரு தடவை நின்று ஓடியது.

போன் கீழே விழாமல் இருக்க இவ்வளவு பார்த்தோம். விழாமல் ஊர் நடுவில் நிமிர்ந்து நின்றால் என்ன ஆகும் என்பதை அந்தக் கடையில் யாரும் சொல்லவில்லை.

வடபழனி சிக்னல். சிவப்பு விளக்கு. பக்கத்தில் ஸ்கூட்டரில் ஒரு பெரியவர், காலுக்கிடையில் காய்கறிப் பை. என்னைப் பார்க்காமல் நேராகப் பார்த்தபடியே சொன்னார்:

"சின்ன வெங்காயம் எடுக்கறப்போ வால் நல்லா காஞ்சிருக்கான்னு பாருங்க தம்பி. ஈரமா இருந்தா ரெண்டே நாள்தான்."

இவருக்கு ஏன் திடீரென்று என் மேல் இவ்வளவு அக்கறை என்று யோசித்தேன். அவர் தாடையால் என் ஹேண்டில்பாரைக் காட்டினார். மேப்பின் தலையில் வாட்ஸ்அப் செய்தி ஒன்று வந்து நின்றுகொண்டிருந்தது. "சின்ன வெங்காயம் அரைக் கிலோ. போன தடவை மாதிரி அழுகினது வேண்டாம்." அழுகின விஷயம் வரைக்கும் அவருக்குத் தெரிந்துவிட்டது. விளக்கு பச்சையானதும் "வீட்ல சொல்றது சரிதான்" என்று ஒரு தீர்ப்பையும் கொடுத்துவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து கவனிக்கிறேன். பேருந்தில் பக்கத்து சீட்டுக்காரர் போனை எட்டிப் பார்ப்பவர்கூட கொஞ்சம் கூச்சத்தோடு ஓரக்கண்ணால்தான் பார்ப்பார். ஹேண்டில்பாரில் இருக்கும் போனுக்கு அந்த மரியாதை இல்லை. அது டீக்கடை தினசரி. யார் வேண்டுமானாலும் படிக்கலாம், படித்துவிட்டுக் கருத்தும் சொல்லலாம். ஷேர் ஆட்டோவில் இருந்த ஓர் அம்மா "சார்ஜு ஒம்பதுதான் இருக்குது சார், பார்த்துப் போங்க" என்றார். சாக்கெட் இருக்கிறது, ஒயரைத்தான் வீட்டில் வைத்துவிட்டேன் என்று அவரிடம் விளக்கம் சொல்லும்போது ஆட்டோவே நகர்ந்துவிட்டது. இன்னொரு நாள், மேப் காட்டிய நீலக்கோட்டைப் பார்த்துவிட்டு ஓர் ஆட்டோ அண்ணன், "அப்படிப் போகாதீங்க, அங்க பள்ளம் தோண்டியிருக்கான்" என்றார். இந்தப் பக்கம் நின்ற உணவு டெலிவரித் தம்பி, "அது மூடிட்டாங்கண்ணா, நான் இப்பதான் வந்தேன்" என்றார். "நீ எந்தப் பள்ளத்தைச் சொல்ற?" என்று அண்ணன் கேட்க, என் தலைக்கு மேலே விவாதம் சூடுபிடித்தது. விளக்கு பச்சையானது. பின்னால் ஹாரன்கள். ரெண்டு பேரும் அவரவர் வழியில் போய்விட்டார்கள். நான் மட்டும் எந்தப் பள்ளம் என்று தெரியாமல் நின்றேன்.

போலீஸ்காரர் கை காட்டி ஓரம் கட்டச் சொன்ன நாளில் கொஞ்சம் தயாராகவே இருந்தேன். வண்டி ஓட்டும்போது போனை வழி பார்க்க மட்டும், அதுவும் கவனம் சிதறாதபடி, பயன்படுத்தலாம் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2020 அக்டோபர் 1 முதல் திருத்தம் இருக்கிறது. அதை வாக்கியமாக மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டே நிறுத்தினேன். அவர் லைசென்ஸைப் பார்த்தார், திருப்பித் தந்தார். அப்புறம் குனிந்து போனைப் பார்த்தார்.

"நம்ம ஜங்ஷனை எப்படிக் காட்டுது?"

"சிவப்பா காட்டுது சார்."

"எது வரைக்கும்?"

விரலால் தள்ளிக் காட்டினேன். "பாலம் வரைக்குமா? மேல இருந்து இப்ப போன் வரும் பாருங்க" என்று சலித்துக்கொண்டே விசிலை வாயில் வைத்தார். என் வாக்கியம் கடைசிவரை பயன்படவே இல்லை.

இதெல்லாம் சென்னைக்குள். போன மே மாதம் மாமனார் ஊருக்கு, நாமக்கல் பக்கம், புல்லட்டிலேயே போவது என்று கிளம்பினேன். வீட்டம்மா விவரமானவர், முந்தின நாளே ரயிலில் போய்விட்டார். உளுந்தூர்பேட்டை தாண்டிச் சேலம் சாலையைப் பிடித்த பிறகு மேப்புக்கு வேலையே கிடையாது. நேராகப் போ என்பதைத் தவிர அது சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் வெயிலில் நிற்பதுதான் அதற்குப் பெரிய வேலை. மேல் வெயில், உள்ளே ஜிபிஎஸ், முழு வெளிச்சத்தில் திரை, போதாக்குறைக்குச் சார்ஜ் வேறு ஏறுகிறது. 35 டிகிரி வரைக்கும் உள்ள இடத்தில் பயன்படுத்து என்று ஐபோன்காரர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். சித்திரை வெயிலில் ஆத்தூர் சாலை அதையெல்லாம் படிப்பதில்லை. திரை மங்கியது, பிறகு சூடு அதிகம் என்று ஓர் அறிவிப்போடு மேப்பே மறைந்தது. சாலையோரம் இளநீர்க்காரர் நிலைமையைப் புரிந்துகொண்டு, எனக்கு வெட்டுவதற்கு முன்னால் போனை வாங்கிக் காய்க்குவியலின் நிழலில் படுக்கவைத்தார். "மொதல்ல அது ஆறட்டுங்க. உங்களுக்கு என்ன, வழுக்கையா தண்ணியா?"

மாமனார் ஓய்வு பெற்ற லாரி டிரைவர். நாமக்கல் லாரியில் கல்கத்தா, கவுகாத்தி வரைக்கும் போய்வந்தவர். மேப் என்ற ஒன்றை அவர் இதுவரைக்கும் தேவைப்படாத சாமானாகவே பார்த்துவந்திருக்கிறார். கொல்லிமலைக்குப் போய் அறப்பளீஸ்வரரைப் பார்த்துவிட்டு வரலாம் என்று மறுநாள் என் பின்னால் ஏறி உட்கார்ந்தார். மேப்பில் தமிழ்க் குரல் வைத்திருந்தேன். சேந்தமங்கலம் தாண்டுவதற்குள் ரெண்டு பேருக்கும் வாக்குவாதம் வந்துவிட்டது.

"இடதுபுறம் திரும்பவும்" என்றது போன்.

"ஏம்மா, அங்க திரும்பினா ஓடை வரும்மா" என்றார் மாமனார், என் தோளுக்கு மேல் எட்டி.

நடுவில் நான் ஹெல்மெட்டோடு உட்கார்ந்திருந்தேன். கிளீனர் லாரியைத் தட்டுவது போல அவர் என் தோளைத் தட்டிக்கொண்டே வந்தார். ஒரு தட்டு இடது, ரெண்டு தட்டு வலது. குரல் ஒன்று சொல்லும், தோள் வேறொன்று சொல்லும். காளப்பநாயக்கன்பட்டி தாண்டி ஒரு மண் பாதை வந்தபோது குரல் வலதுபுறம் என்றது. வழக்கம்போல மறுப்பார் என்று பார்த்தால், "சரி, அந்தப் பொண்ணு பேச்சையும் ஒருக்காக் கேட்டுத்தான் பாப்பமே மாப்பிள்ளை" என்றார். அந்தத் தாராளம் எனக்கு அப்போதே உதைத்தது.

மரவள்ளிக் காட்டுக்கு நடுவில் போன பாதை மெலிந்து மெலிந்து, கடைசியில் ஒரு வீட்டுக் களத்தில் போய் முடிந்தது. களம் முழுக்க நிலக்கடலை காய்ந்தது. கடலையைக் காலால் அளைந்துகொண்டிருந்த அம்மா நிமிர்ந்து, முதலில் போனைப் பார்த்தார், பிறகுதான் எங்களைப் பார்த்தார்.

"மேப்புப் பாத்து வந்தீங்களாக்கும்?"

"ஆமாங்க."

"இன்னைக்கு நீங்க மூணாவது வண்டி. கடலை மேல ஏத்தாம அந்தால வளைச்சுத் திருப்புங்க. கொட்டாய் ஓரமாப் போனீங்கன்னா தார் ரோடு வந்துரும்."

மாமனார் முகத்தில் அப்படி ஒரு பிரகாசம். வண்டி திரும்பும்போது போனைப் பார்த்து "கேட்டுக்க" என்றார்.

காரவள்ளியில் மலை ஏற ஆரம்பித்ததும் சண்டை ஓய்ந்தது. 70 கொண்டை ஊசி வளைவு, ஒரே சாலை, இதில் வழி சொல்ல யாருக்கும் வாய்ப்பில்லை. ஆனால் வண்டி திரும்பும் ஒவ்வொரு முறையும் திரையில் மேப்பும் சேர்ந்து சுழன்றது. பின்னாலிருந்து அதையே பார்த்துக்கொண்டு வந்தவர் இருபதாவது வளைவுக்குமேல், "மாப்பிள்ளை, அதைக் கொஞ்சம் அமத்துங்க. இந்த மலையில நான் லாரி ஏத்தினப்பக்கூட எனக்குத் தலை சுத்தினதில்லை" என்றார்.

சோளக்காட்டில் மழை பிடித்துக்கொண்டது. தகரக் கொட்டகை போட்ட ஒரு டீக்கடையில் ஒதுங்கினோம். வண்டியை ஓரமாகவே நிறுத்தியதில் பாதி வண்டி கூரைக்குள், ஹேண்டில்பார் மட்டும் தகர விளிம்புக்கு நேர் கீழே. எதிரே பலாப்பழம் அறுத்து விற்றுக்கொண்டிருந்தார்கள். மாமனாருக்குச் சர்க்கரை இருக்கிறது. அத்தை அவருக்கு விதித்த தடைப்பட்டியலில் பலாச்சுளைதான் முதல் பெயர்.

"வீட்டுல ஒரு சுளை எடுத்தாக்கூட ஊரைக் கூட்டிருவா" என்று ஒரு தட்டு வாங்கிவந்து பக்கத்தில் வைத்துக்கொண்டார். "இங்க யாருக்குத் தெரியப் போகுது?" மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. சுளைகள் குறையக் குறைய அவருக்குப் பேச்சு கூடியது. மாத்திரையை நினைத்தபோது போடுவது, சாயங்காலம் நடைப்பயிற்சி என்று கிளம்பி முக்கு போண்டாக் கடையில் உட்கார்ந்துவிட்டு வருவது, எல்லாம் வரிசையாக வந்தது. "தெனமும் பாவக்கா சாறு குடுக்கறாளே, அதை நான் குடிக்கறேன்னு நெனைக்கறீங்களா? பொறக்கடை முருங்கை மரத்துக்கு ஊத்திருவேன். இப்ப அந்த முருங்கைக்காயே கசக்குது."

டீ மாஸ்டர் ஆற்றிய கிளாஸைக் கொண்டுவந்து வைத்தார். வைத்துவிட்டு வண்டிப் பக்கம் பார்த்தார்.

"அண்ணா, உங்க போன்ல யாரோ லைன்ல இருக்காங்க போல. நிமிஷம் ஓடிட்டே இருக்குதுங்க."

தொடுதிரைக்கு விரல் என்ன, தண்ணீர் என்ன, ரெண்டும் ஒன்றுதான். மின்சாரம் கடத்தும் எது மேலே பட்டாலும் தொட்டதாகவே கணக்கு வைக்கும். எப்போதோ ஓர் அழைப்பு வந்திருக்கிறது, மழைச் சத்தத்தில் எங்களுக்குக் கேட்கவில்லை. தகரத்திலிருந்து சொட்டிய தண்ணீர் பச்சைப் பொத்தானின் மேல் விழுந்து அழைப்பை எடுத்துவிட்டது. கிட்டே போய்த் திரையைத் துடைத்தேன். பெயர் தெரிந்தது. அத்தை. பத்து நிமிடத்தைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. காதை வைத்தேன்.

"முருங்கை மரத்துக்கா?" என்றது குரல், நிதானமாக.

போனை அவரிடம் நீட்டினேன். அவர் பலாக்கொட்டையைத் துப்பிவிட்டு, வாங்கமாட்டேன் என்று ரெண்டு கையையும் ஆட்டினார். டீ மாஸ்டர் இதுவரை நடந்ததைப் பக்கத்துக் கடைக்காரருக்கு மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டிருந்தார்.

கோயிலில் அர்ச்சனை கொஞ்சம் நீளமாகவே நடந்தது. இறங்கும்போது போன் என் பாக்கெட்டுக்குள் போய்விட்டது. "வழிக்கு நான் இருக்கேன்" என்று மாமனார் தோள் தட்டியே கூட்டிவந்தார். ஒரு தட்டுகூடத் தப்பவில்லை. ஆனால் வீடு நெருங்க நெருங்க, வேறெங்காவது திரும்பலாமா என்ற யோசனை அவர் விரலில் தெரிந்தது. வாசலில் அத்தை சர்க்கரை பார்க்கும் மிஷினோடு நின்றிருந்தார். செருப்பைக் கழற்றக்கூட விடவில்லை, விரலைப் பிடித்துவிட்டார்.

"நான் எங்க பேசினேன்?" என்றார் மாமனார், விரலைக் கொடுத்தபடியே. "வண்டியில ஒரு பொண்ணு வருதில்ல, காலையில இருந்து அதுதான் தப்புத்தப்பாச் சொல்லிட்டு வருது. வேணும்னா மாப்பிள்ளையைக் கேளு."