புழக்கடையில் டார்ச்சை எங்கே பிடிப்பது

இரவில் சிலந்தி தேடுகிறவர்கள் பெரும்பாலும் டார்ச்சை இடுப்பருகே பிடிக்கிறார்கள். அப்படிப் பிடித்தால் ஒன்றும் தெரியாது. கண்ணை ஒட்டி, நெற்றிப் பொட்டுக்குப் பக்கத்தில் வைத்துத் தரையில் மெதுவாக வெளிச்சத்தை ஓட்டுங்கள். கிணற்றடிப் புல்லிலும் உதிர்ந்த முருங்கை இலைகளுக்கு இடையிலும் பச்சை நீலப் பொறிகள் மின்னும். பனித்துளியோ என்று சந்தேகம் வரும். டார்ச்சை மட்டும் ஒரு சாண் கீழே இறக்குங்கள். பனித்துளி மின்னிக்கொண்டே இருக்கும். ஓநாய்ச் சிலந்தியின் கண் பட்டென்று அணைந்துவிடும். அதன் கண்ணுக்குப் பின்னால் உள்ள படலம் வெளிச்சத்தை வந்த வழியே திருப்பி அனுப்புகிறது. உங்கள் கண் அந்த வழியில் இருந்தால்தான் தெரியும்.

ஒரே இடத்தில் பொடிப்பொடியாக நிறையப் பொறிகள் தெரிந்தால் கிட்டே போய்ப் பாருங்கள், முதுகு நிறையக் குஞ்சு சுமக்கும் தாயாக இருக்கலாம். அதற்கு முன்பு முட்டைப் பையை வயிற்றின் நுனியில் ஒட்டிக்கொண்டு அலைந்திருக்கும்.

வேலூரில் கத்திரி வெயில் நாட்களில் காலை ஏழரைக்கு மேல் தோட்டத்தில் இறங்குவது வீண். ஐப்பசி, கார்த்திகையில்தான் வேட்டை. அப்போது செம்பருத்திக்கும் கறிவேப்பிலைக்கும் நடுவே, முழங்காலிலிருந்து இடுப்பு உயரத்துக்குள், வலையின் மையத்தில் பெருக்கல் குறி போல வெள்ளைப் பின்னல் போட்டுத் தலைகீழாகத் தொங்கும் சிலந்தியைப் பகலிலேயே பார்க்கலாம். கால்களை இரண்டிரண்டாகச் சேர்த்து வைப்பதால் நாலு கால் பூச்சி மாதிரி இருக்கும். வலையோரத்தில் அதில் பாதிகூட இல்லாமல் ஒன்று நின்றால், அது ஆண். குட்டிச் சிலந்தி பெருக்கல் குறி போடாது, வட்டத் தட்டாகப் பின்னும். இந்தப் பின்னல் இரையை இழுக்கவா, பறவையை விலக்கவா என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் தகராறுதான்.

வலை இழை படத்தில் விழவில்லையென்று மாவு தூவுவார்கள், கூடாது. மாவு பசையை உறிஞ்சிவிடும், அந்த வலை அதோடு போச்சு. இஸ்திரிக்குத் தண்ணீர் தெளிக்கும் ஸ்ப்ரேயில் இரண்டு தடவை மென்மையாக அடித்து, பின்னால் கருப்புத் துணியோ நிழலோ வருமாறு நின்றால் போதும். வாயால் ஊதாதீர்கள். வலையையே கிடுகிடுவென்று ஆட்டும், இல்லை கீழே குதித்துவிடும்.

மாமரத்தில் முசுறு எறும்பு இருந்தால் தனியாக நடக்கும் ‘எறும்பை’ விடாதீர்கள். முன்னங்கால் இரண்டையும் மீசை போலத் தூக்கிக்கொண்டு போகும். மீதியை எண்ணினால் ஆறு வரும். அதாவது மொத்தம் எட்டு, எறும்பு வேஷம் போட்ட சிலந்தி. குச்சியால் மெல்லத் தொட்டால் நூல் விட்டு இறங்கும். எறும்புக்கு அந்த வித்தை கிடையாது.

ஓட்டு வீட்டுத் தாழ்வாரத்தில், மழை படாத பொடிமண்ணில் புனல் போலக் குழி இருந்தால் அடியில் இருப்பது குழியானை என்ற பூச்சியின் புழு. எறும்பு விழுந்ததும் அடியிலிருந்து மண்ணை வாரி எறிந்து சரிய வைக்கும். பின்னோக்கி மட்டுமே நடக்கும். புழுவாக இருக்கும் காலம் முழுக்கக் கழிவை வெளியேற்றாது, சிறகு முளைத்த பிறகுதான். வளர்ந்ததைத் தட்டான் என்பார்கள்; மீசை நீண்டு நுனி தடித்திருந்தால் தட்டான் இல்லை.

கல்லைப் புரட்டுவதானால் கையால் வேண்டாம், குச்சி எடுங்கள். இந்தப் பக்கக் கல் இடுக்கில் தேள் சாதாரணம். புற ஊதா டார்ச் இருந்தால் சுற்றுச்சுவரில் அடித்துப் பாருங்கள், தேள் இருந்தால் பச்சையாக ஒளிரும்.