சாவைப் பற்றிப் பேச ஒரு இடம்

நோய் முற்றியவர் சாவு என்று வாயெடுத்தாலே "சும்மா இருங்க, அப்படியெல்லாம் பேசாதீங்க" என்று அடக்கிவிடுகிறோம். பாசத்தில்தான் சொல்கிறோம். ஆனால் மனசுக்குள் ராத்திரி பகலாக ஓடுகிற அந்த ஒரு விஷயத்தைப் பேச அவருக்கு வீட்டில் ஆளே இல்லாமல் போகிறது.

சாவு, வாழ்வின் அர்த்தம் போன்ற கேள்விகளை நேராகப் பேசவைக்கும் மனநலப் பேச்சுச் சிகிச்சையான இருத்தலியல் சிகிச்சை எனக்குப் பிடித்துப்போனது இதனால்தான். சாவு, சுதந்திரமும் அதோடு வரும் பொறுப்பும், யாராலும் முழுசாகத் தீர்க்க முடியாத தனிமை, வாழ்வதற்கு என்ன அர்த்தம் என்ற கேள்வி, இந்த நான்கும்தான் மனித மனக்கலக்கத்தின் அடியில் கிடக்கின்றன என்று 1980இல் எழுதினார் அமெரிக்க மனநல மருத்துவர் இர்வின் யாலோம். இவை நோயல்ல, பிறந்த எல்லோருக்கும் உள்ளவை. அதனால் கவுன்சலரும் மேலே உட்கார்ந்து புத்தி சொல்பவர் இல்லை, அவரும் சாகப்போகிறவர்தானே.

1970களில் யாலோமும் இன்னொரு மனநல மருத்துவரான டேவிட் ஸ்பீகலும் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில், உடம்பெங்கும் பரவிய மார்பகப் புற்றுநோயோடு இருந்த பெண்களை வாராவாரம் குழுவாக உட்காரவைத்துப் பேசவைத்தார்கள். குழுவில் ஒருவர் இறந்தால் அதையும் பேசினார்கள். இதனால் பயம் கூடவில்லை, குழுவில் இல்லாதவர்களைவிட இவர்களுக்கு மனக்கலக்கமும் பயமும் குறைந்தன. ஆயுளும் நீள்கிறது என்று 1989இல் வந்த முடிவு மட்டும் பிந்தைய ஆய்வுகளில் நிற்கவில்லை. ஆயுளை நீட்டினால்தான் இதற்கு மதிப்பு என்று நான் நினைக்கவில்லை.

துன்பத்திலும் அர்த்தம் காண முடியும் என்று சொன்ன வியன்னா மனநல மருத்துவர் விக்டர் ஃபிராங்கலிடம் ஒரு வயதான டாக்டர் வந்தார். மனைவி இறந்து இரண்டு வருடமாகியும் அவரால் மீள முடியவில்லை. "நீங்கள் முதலில் போயிருந்தால் உங்கள் மனைவியின் கதி என்ன?" என்று மட்டும் கேட்டார் ஃபிராங்கல். அவள் துடித்துப்போயிருப்பாள் என்றார் டாக்டர். அந்தத் துன்பம் மனைவிக்கு வராமல் நீங்கள் சுமக்கிறீர்கள் என்று ஃபிராங்கல் சொன்னதும், டாக்டர் எழுந்து கைகுலுக்கிவிட்டுப் போய்விட்டார். துக்கம் அப்படியேதான் இருந்தது, ஆனால் அதற்கு ஒரு அர்த்தம் கிடைத்துவிட்டது.

இதை ஃபார்முலாவாக எடுத்துக்கொள்ளக் கூடாது. காரியம்கூட முடியாத வீட்டில் போய் இதே கேள்வியைக் கேட்டால் அது கொடுமை. தற்கொலை எண்ணமோ கடும் மனச்சோர்வோ இருந்தால் முதலில் மனநல மருத்துவரும், தேவைப்பட்டால் மருந்தும்தான்.

அப்புறம், ஃபிராங்கலின் சிந்தனையை வைத்து நியூயார்க்கின் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மையத்தில் மனநல மருத்துவர் வில்லியம் பிரைட்பார்ட் எட்டு அமர்வுகள் கொண்ட குழுச் சிகிச்சை ஒன்றை உருவாக்கியிருக்கிறார். நோய்க்கு முன் நீங்கள் யார், இப்போது யார் என்று ஒரு அமர்வு முழுக்கப் பேசுகிறார்கள். நம் ஊர் புற்றுநோய் வார்டுகளிலும் இதற்கென்று ஒரு ஆளும் ஒரு அறையும் வேண்டும்.