புகார்கள்: இல்லை

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும், அதில் ஒருவராவது வெளியாளாக இருக்க வேண்டும் என்கிறது 2013-ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம். திண்டுக்கல் பக்கம் சில நூற்பாலைகளில் அந்த வெளியாள் நான். அமர்வுக்குப் போனால் விதிப்படி நாளொன்றுக்கு 200 ரூபாய், கூடவே ஏசி பஸ் கட்டணம். வேடசந்தூர் போகும் டவுன் பஸ்ஸில் ஏசி எப்போது வரும் என்று சட்டம் எழுதியவர்கள்தான் சொல்ல வேண்டும்.

வருடக் கடைசியில் அறிக்கை அனுப்ப வேண்டும். வந்த புகார்கள் எத்தனை என்று ஒரு கட்டம். நான் பார்த்த அறிக்கைகளில் பெரும்பாலும் அங்கே 'இல்லை' என்றுதான் இருக்கும். "எங்க பொண்ணுங்க ரொம்ப டிசிப்ளின் மேடம்" என்பார் மனிதவள மேலாளர். நூற்றுக்கணக்கான பெண் பிள்ளைகள், மூன்று ஷிஃப்ட், மேற்பார்வைக்குப் பெரும்பாலும் ஆண்கள். ஸ்பின்னிங்கில் ஓடுகிற இயந்திரச் சத்தத்தில் ஒருவர் பேசுவது கேட்க வேண்டுமென்றால் காதோரம் வந்துதான் பேச வேண்டும். சூப்பர்வைசர் எவ்வளவு கிட்டே வந்தாலும் அதற்கு ஒரு காரணம் தயாராக இருக்கிறது. இந்த இடத்தில் வருடம் முழுக்க ஒரு புகார்கூட இல்லை என்றால், அது எப்படி நடக்கிறது என்றுதான் முதலில் கேட்கத் தோன்றும்.

சுமங்கலித் திட்டம் என்று ஊர் ஊராக விளம்பரம் ஒட்டிய காலத்தில் வழிமுறை எளிது. கல்யாணமாகாத பெண், மூன்று வருட ஒப்பந்தம், முடித்தால் 30,000, 50,000 என்று மொத்தமாகக் கையில் பணம். பல இடங்களில் அது அவளுடைய சம்பளத்தில் பிடித்து வைத்ததுதான். நடுவில் போனால் அந்தப் பணம் கிடைப்பது சந்தேகம். முதல் மாதத்தில் ஒருத்தி வாய் திறந்தால் அவளுக்கு நட்டம் குறைவு. முப்பதாவது மாதத்தில் திறந்தால் கல்யாணமே போச்சு. நாள் ஆக ஆக வாயைத் திறப்பதன் விலை ஏறிக்கொண்டே போகிறது. இதை யோசித்து வைத்தவர் கணக்கில் கெட்டிக்காரர்.

அப்புறம் ஹாஸ்டல். நான் போன இடங்களில் போன் வார்டன் மேஜையில் இருக்கும், வார்டன் பக்கத்திலேயே இருப்பார். பார்க்க வருவது அப்பா அம்மா மட்டும், அதுவும் அடையாள அட்டையோடு. கடைத்தெருவுக்கு மில் வேனில் போய் மில் வேனில் திரும்ப வேண்டும். புகார்ப் பெட்டி செக்யூரிட்டி கேட் அருகே, கேமராவுக்கு நேர் கீழே. ஒரு மில்லில் சட்டத்தைச் சுருக்கி ஒட்டியிருந்த அறிவிப்பில், பொய்ப் புகாருக்குத் தண்டனை என்ற வரி மட்டும் தடித்த எழுத்தில் இருந்தது. நிரூபிக்க முடியாமல் போனாலே பொய்ப் புகார் ஆகிவிடாது என்று அதே பிரிவு சொல்வதைக் காணோம்.

எல்லாப் பழியையும் மில் மேல் போட்டுவிட்டு எழுந்துபோக எனக்கு மனம் வரவில்லை. செல்போன் கொடுக்காதீர்கள், வெளியே விடாதீர்கள் என்று எழுதிக் கொடுக்கிறவர்கள் பெற்றோர். பிள்ளை ஓடிப்போய்விடக் கூடாது, வேறு சாதிப் பையனோடு பேசிவிடக் கூடாது. ஆள் சேர்க்கிற ஏஜென்ட்டும் அந்நியர் இல்லை. அதே தெரு, முறைக்கு மாமா, தலைக்கு இவ்வளவு கமிஷன். காவலை வீடு கேட்கிறது, மில் கொடுக்கிறது. அந்தக் காவலுக்குள் நடப்பதை யாரிடம் சொல்வது என்பதை மட்டும் இருவரும் பேசிக்கொள்வதில்லை.

ஒரு பெண் பொங்கல் லீவில் ஊருக்குப் போனபோது அத்தையிடம் சொல்லிவிட்டாள். வீட்டில் கூடிப் பேசி முதலில் கூப்பிட்டது ஏஜென்ட்டைத்தான். நடந்தது முதல் மூன்று மாதத்துக்குள் புகார் தர வேண்டும். தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் தரலாம். அவள் எங்கள் முன்னால் வந்தபோது அந்த இரண்டாவது மூன்று மாதத்தில் இருந்தாள். கூட வந்த அப்பா அவளைப் பேச விடவில்லை. "சின்னப் பொண்ணு, தெரியாம சொல்லிட்டா. பிடிச்ச பணத்த மட்டும் குடுக்கச் சொல்லுங்கம்மா." பணத்தைக் காட்டி சமரசம் செய்யக் கூடாது என்று சட்டம் தெளிவாகச் சொல்கிறது. அதை அவருக்கு விளக்கினேன், தலையாட்டினார். கொஞ்ச நாளில் பணம் ஏஜென்ட் வழியாகப் போய்ச் சேர்ந்தது, புகார் வாபஸ் ஆனது. அந்த வருட அறிக்கையில் 'ஒன்று, வாபஸ்' என்று எழுத வைக்கவே பாதி நாள் வாக்குவாதம்.

பிறகு அவள் அம்மாவைப் பார்த்தபோதுதான் மிச்சம் தெரிந்தது. அந்த விஷயம் வீட்டில் பேசக் கூடாது என்று முடிவாகிவிட்டதாம். மாப்பிள்ளை வீட்டார் காதுக்குப் போகக் கூடாது. மில்லுக்குப் போன பெண் என்றாலே ஒரு மாதிரி பார்க்கிற ஊர் அது. கல்யாணத்துக்காக அனுப்பிய வேலையே கல்யாணத்துக்குக் குறையாகிவிடும். பேசாததால் தங்கையை மில்லுக்கு ஏன் அனுப்பக் கூடாது என்று சொல்லவும் அம்மாவுக்கு வாய் வரவில்லை. ஏஜென்ட் வந்தார், தங்கையும் போனாள். வேறு மில். அந்த அளவுக்கு அம்மாவால் முடிந்தது.

இதே மாவட்டத்தில், இதே மாதிரிப் பெண்கள் வாய் திறந்த இடமும் உண்டு. 2021 ஜனவரியில் ஓர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைப் பெண் கொல்லப்பட்டு, அவளுடைய சூப்பர்வைசர் கைதானார். அதன் பிறகு தமிழ்நாடு டெக்ஸ்டைல் மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் விடாமல் நின்றது. 2022 ஏப்ரலில் அந்தத் தொழிற்சாலையை நடத்தும் ஈஸ்ட்மேன் நிறுவனமும் அங்கே துணி வாங்கிய வெளிநாட்டு பிராண்டான எச் அண்ட் எம்மும் சங்கத்தோடு கையெழுத்திட்டு, பெண்கள் மீதான துன்புறுத்தலைத் தடுக்க திண்டுக்கல் ஒப்பந்தம் வந்தது. வேறு பிராண்டுகள் பிறகு சேர்ந்தன. துன்புறுத்தலைக் கவனித்துச் சொல்ல, தொழிலாளிகளிலிருந்தே கண்காணிப்பாளர்களைச் சங்கம் பழக்கியது. புகார் சொன்னதற்காக யாரையும் பழிவாங்கக் கூடாது என்பது ஒப்பந்தத்தில் இருந்தது. நிறுவனம் மீறினால் பிராண்டுகள் ஆர்டரையே குறைக்கலாம் என்றும் இருந்தது. முதல் ஆண்டிலேயே நூற்றுக்கு மேல் குறைகள் பதிவாகி, பெரும்பாலானவை தீர்ந்தன. என்னைக் கேட்டால் அந்த எண் பெரிதாக இருப்பதுதான் நல்ல சேதி. ஆனால் அது பிராண்டுக்கு நேராகத் துணி தைக்கிற ஒரு குழுமத்தின் கதை. உள்ளூர்ச் சந்தைக்கு நூல் நூற்கிற மில்லை எந்த பிராண்டும் வந்து கேட்கப் போவதில்லை.

இப்போது சுமங்கலி என்ற பெயரை யாரும் சுவரில் ஒட்டுவதில்லை. தேனி, விருதுநகர்ப் பெண்கள் குறைந்து, ஒடிசா, ஜார்கண்ட் பெண்கள் வந்திருக்கிறார்கள். ஊருக்குப் போய் அத்தையிடம் சொல்ல அவர்களுக்குப் பொங்கல் லீவு போதாது. ரயிலுக்கே இரண்டு நாள் ஆகிவிடும். போன அமர்வில் அப்படி ஒரு பெண்ணிடம் பேச வேண்டியிருந்தது. எனக்கு ஒடியா தெரியாது, குழுவில் யாருக்கும் தெரியாது. மொழிபெயர்க்க வந்து உட்கார்ந்தவர் அவளைச் சேர்த்துவிட்ட காண்ட்ராக்டரின் ஆள். அவள் ஐந்து நிமிடம் பேசினாள். "ஒண்ணும் இல்லையாம் மேடம்" என்றார் அவர்.

விசாரணையை அங்கேயே நிறுத்தச் சொன்னேன். வெளியிலிருந்து மொழிபெயர்ப்பாளர் வேண்டும், பெண்ணாக இருக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். அந்தச் செலவை எந்தத் தலைப்பில் காட்டுவது என்று கேட்டு அலுவலகத்திலிருந்து பதில் வந்திருக்கிறது.