ஓமன் கடலோரம், ஆமையும் காற்றும்

ஏற்காட்டில் டென்ட் போட்டுப் பழகியவர்கள் ஓமன் கடற்கரைக்குப் போனால் முளைக்குச்சியை மறந்துவிடுங்கள். மணலில் அது நிற்காது. பையில் மணலை நிரப்பி, கயிற்றை அதில் கட்டி, ஆழமாகப் புதைக்க வேண்டும், ஏனென்றால் ஜூலையில் சேர்வராயன் மலையில் மழையைக் கொட்டுகிற அதே தென்மேற்குப் பருவக்காற்று அங்கே மணலை வாரி மூஞ்சியில் அடிக்கும், சோற்றிலும் மணல்தான்.

ஆமைகள் முட்டையிட வரும் ராஸ் அல் ஜின்ஸ் கரைக்கு இரவில் வழிகாட்டியோடுதான் விடுவார்கள். பச்சை ஆமை ஒன்று பின்துடுப்பால் மணலை அள்ளி அள்ளிக் குழி பறித்தது. சுமார் நூறு முட்டைகள், பிங்பாங் பந்து அளவில். கண்ணோரம் நீர் ஒழுகியதைப் பார்த்து மஸ்கட்டில் வேலை பார்க்கும் மச்சான், "பாவம், அழுவுதுடா மாப்ள" என்றான். அழுகையெல்லாம் இல்லை, உடம்பில் சேர்ந்த உப்பைக் கண் பக்கத்துச் சுரப்பி வெளியேற்றுகிறது. இதற்கு நடுவில் ஒருத்தர் செல்போன் லைட்டைப் போட்டார் பாருங்கள், அப்படியொரு எரிச்சல்! வெளிச்சம் பட்டால் ஆமை முட்டையிடாமலே திரும்பிவிடும், குஞ்சுகளோ கடலை விட்டுவிட்டு விளக்கைப் பார்த்து நகரும்.

அம்மாப்பேட்டை அக்கா டிசம்பரில் போகலாமா என்கிறார். சரி, போங்கள். ஆமை குறைவுதான், ஆனால் தெற்கே பார் அல் ஹிக்மான் சேற்றுவெளியில் அப்போது லட்சக்கணக்கில் வலசைப் பறவைகள் இருக்கும். பைனாகுலர் வேண்டுமானால் என்னிடம் வாங்கிக்கொள்ளுங்கள்.