சர்வதேசப் பணிக்குழுக்கள் பற்றிய வினாவை நான் இரண்டாம் முறை படித்த விதம்

சர்வதேச உறவுகள் பாடத்தில் முதுநிலைத் தேர்வை முதல் முறை எழுதியபோது, சர்வதேசப் பணிக்குழுக்களிடம் எதிர்பார்க்கப்படுவது என்ன என்ற வினாவுக்கு ஐந்து பக்கம் எழுதினேன். எந்தக் குழு எந்த ஆண்டில் தொடங்கியது, தலைமையகம் எங்கே, உறுப்பினர்கள் யார் என்று நினைவில் இருந்த அனைத்தையும் நிரப்பியிருந்தேன். மதிப்பெண் பாதியைக்கூட எட்டவில்லை. பிறகு அந்த விடையை மீண்டும் எழுதி ஆசிரியரிடம் காட்டியபோது, அவர் ஓரத்தில் ஒரே ஒரு கேள்வியை எழுதித் தந்தார்: "இந்தக் குழு யாரிடம் எதை ஒப்படைக்க வேண்டும்?" என் ஐந்து பக்கங்களில் அதற்கு விடை இல்லை. அடுத்த முறை இந்தப் பகுதியை அந்தக் கேள்வியை முன்வைத்தே படித்தேன். இதே பகுதியைப் படித்துக்கொண்டிருப்பவர்களுக்காக அந்த வழியை இங்கே விளக்குகிறேன்.

முதலில் படிக்க வேண்டியது குழுவின் பணி ஆணை. பணிக்குழு என்பது ஒரு குறிப்பிட்ட வேலைக்காக அமைக்கப்படுவது. எனவே அதை யார் அமைத்தார்கள், என்ன கேட்டார்கள், எப்போதைக்குள் கேட்டார்கள் என்பவை தெரியாமல் அது வென்றதா தோற்றதா என்று எழுத முடியாது. எஃப்.ஏ.டி.எஃப். என அறியப்படும் நிதி நடவடிக்கைப் பணிக்குழுவை இதற்கு முதல் எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். 1989 ஜூலையில் பாரிஸில் கூடிய ஜி-7 என்ற ஏழு முன்னணித் தொழில்வள நாடுகளின் உச்சி மாநாடு அதை அமைத்தது. சட்டவிரோதப் பணத்தைச் சட்டபூர்வமானதாக மாற்றும் முறைகளை ஆராய்வதும், அதுவரை எடுக்கப்பட்ட நடவடிக்கைகளைப் பரிசீலிப்பதும், இன்னும் செய்ய வேண்டியவற்றைச் சொல்வதும் அதற்கு இடப்பட்ட வேலை. ஓராண்டு நிறைவதற்குள், 1990 ஏப்ரலில், 40 பரிந்துரைகள் கொண்ட அறிக்கையை அது அளித்தது. கேட்டது அறிக்கை, கொடுத்ததும் அறிக்கை என்ற அளவில் அந்த வேலை முடிந்துவிட்டது.

பெரும்பாலான குறிப்புகள் இந்த இடத்தில் நின்றுவிடுகின்றன. உண்மையில் வினாவின் உயிர் இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. அந்த 40 பரிந்துரைகளும் ஒப்பந்தம் போல நாடுகளைச் சட்டப்படி கட்டுப்படுத்துபவை அல்ல. அப்படியிருக்க அவற்றை நாடுகள் ஏன் பின்பற்றுகின்றன? ஒரு நாட்டை மற்ற நாடுகளின் வல்லுநர்கள் நேரில் சென்று மதிப்பிடும் பரஸ்பர மதிப்பீட்டு முறையும், குறைபாடுள்ள நாடுகளின் பெயர்களை வெளியிடும் முறையும்தான் அந்த அழுத்தத்தைத் தருகின்றன. குறைகளைச் சரிசெய்ய ஒப்புக்கொண்டு கண்காணிப்பில் இருக்கும் நாடுகளின் சாம்பல் பட்டியல், மிகுந்த ஆபத்துள்ள நாடுகளின் கறுப்புப் பட்டியல் என்று செய்திகளில் வருபவை இவைதான். 2001 அக்டோபரில் பயங்கரவாதத்துக்கு நிதி செல்வதைத் தடுக்கும் பொறுப்பும் இக்குழுவின் பணியில் சேர்ந்தது. 2013இல் வகுக்கப்பட்ட மதிப்பீட்டு முறை இன்னும் ஒரு படி முன்னே சென்று, சட்டம் இருக்கிறதா என்பதோடு அது பலன் தருகிறதா என்பதையும் "உடனடி விளைவுகள்" எனப்படும் 11 இலக்குகளின் அடிப்படையில் தனியே அளக்கத் தொடங்கியது. சந்தேகத்துக்குரிய பரிமாற்றங்களை வங்கிகள் தெரிவிக்க வேண்டும் என்று ஒரு நாடு சட்டம் இயற்றினால் முதல் அளவுகோலில் அது தேறலாம். அப்படித் தெரிவிக்கப்பட்டவற்றை யாரேனும் ஆராய்ந்தார்களா, வழக்குத் தொடர்ந்தார்களா, சொத்தைப் பறிமுதல் செய்தார்களா என்பவற்றுக்கு இரண்டாவது அளவுகோலில்தான் விடை கிடைக்கும்.

2018 ஜூன் முதல் 2022 அக்டோபர் வரை சாம்பல் பட்டியலில் இருந்த பாகிஸ்தானை இங்கே குறிப்பிடுவது பயன் தரும். இரண்டு செயல்திட்டங்களில் மொத்தம் 34 அம்சங்களை அந்நாடு நிறைவேற்ற வேண்டியிருந்தது. மதிப்பீட்டுக் குழு நேரில் சென்று பார்த்த பிறகே பெயர் நீக்கப்பட்டது. அறிக்கை கொடுக்க அமைக்கப்பட்ட குழு, நாடுகளிடமிருந்து செயலைக் கேட்டு வாங்கும் நிலைக்கு வந்துவிட்டது என்பதை விடையில் காட்ட இதைவிடத் தெளிவான சான்று எனக்குக் கிடைக்கவில்லை. குறிப்பிட்ட காலத்துக்கென வழங்கப்பட்டு அவ்வப்போது நீட்டிக்கப்பட்டுவந்த அதன் பணி ஆணையை 2019இல் உறுப்பு நாடுகளின் அமைச்சர்கள் கால வரம்பற்றதாக்கினார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

இதற்கு நேர்மாறானது, காலநிலை சார்ந்த நிதித் தகவல் வெளியீட்டுக்கான பணிக்குழு. உலக நிதி அமைப்பின் அபாயங்களைக் கண்காணிக்கும் நிதி நிலைத்தன்மை வாரியம் 2015 டிசம்பரில் அமைத்த இக்குழு, காலநிலை மாற்றத்தால் தங்களுக்கு வரும் நிதி அபாயங்களை நிறுவனங்கள் எப்படி வெளியிட வேண்டும் என்பது குறித்து, 2017 ஜூனில் நான்கு தலைப்புகளின் கீழ் 11 தகவல் வெளியீடுகளைப் பரிந்துரைத்தது. சுற்றுச்சூழல் போன்ற நீடித்த வளர்ச்சி சார்ந்த தகவல்களை நிறுவனங்கள் வெளியிடுவதற்காக 2023 ஜூனில் வெளியான சர்வதேச அறிக்கைத் தரங்கள் அந்தப் பரிந்துரைகளை உள்வாங்கிக்கொண்டன. அதே ஆண்டு அக்டோபரில் குழு கலைக்கப்பட்டது. என் பழைய குறிப்பேட்டில் "கலைக்கப்பட்டது" என்ற சொல்லுக்கு அருகில் தோல்வி என்று எழுதி வைத்திருந்தேன். அது முற்றிலும் தவறு. தன் பணியை நிரந்தர அமைப்பிடம் ஒப்படைத்துவிட்டு விலகுவதே ஒரு பணிக்குழு எட்டக்கூடிய நல்ல முடிவு என்று இப்போது கருதுகிறேன்.

ஒப்படைப்பதும் பயன்பாட்டுக்கு வருவதும் வேறு வேறு என்பதை இணையப் பொறியியல் பணிக்குழுவின் வரலாறு சொல்லும். 1986இல் முதல் கூட்டம் நடத்திய அக்குழு, ஐபிவி6 என்ற இணைய முகவரி நெறிமுறையின் முதல் வரையறையை 1995இலும் திருத்திய வரையறையை 1998இலும் வெளியிட்டது. ஆனால் கால் நூற்றாண்டு கடந்தும் பழைய ஐபிவி4 புழக்கத்திலிருந்து நீங்கவில்லை. குழு தன் வேலையைச் செய்தது. ஏற்பதும் ஏற்காததும் வலையமைப்புகளை நடத்துவோரின் கையில் இருந்தது.

எழுத மிகக் கடினமானவை ஆவணம் எதையும் தராத பணிக்குழுக்கள். கடற்கொள்ளையைத் தடுப்பதற்காக 2009 ஜனவரியில் அமைக்கப்பட்ட, பல நாட்டுக் கடற்படைகள் சேர்ந்த 151ஆம் கூட்டுப் பணிக்குழு அளிக்க வேண்டியது, கப்பல்கள் அச்சமின்றிச் செல்லக்கூடிய கடல்வழி. சோமாலியக் கடற்கொள்ளைத் தாக்குதல்கள் 2011இல் உச்சத்தைத் தொட்டு, பின்னர் வெகுவாகக் குறைந்தன. அதை அப்படியே இக்குழுவின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியமும் தனித்தனி நாடுகளும் அனுப்பிய போர்க்கப்பல்கள், வணிகக் கப்பல்களில் பயணித்த ஆயுதக் காவலர்கள், பிடிபட்டவர்களைக் கென்யாவிலும் செஷெல்ஸிலும் விசாரித்த நீதிமன்றங்கள் என எல்லாவற்றுக்கும் அதில் பங்கு உண்டு. குறைந்தாலும் கொள்ளை முற்றிலும் ஓயவில்லை: 2023 டிசம்பரில் ரூயென் என்ற சரக்குக் கப்பல் சோமாலியக் கொள்ளையரால் கடத்தப்பட்டு, 2024 மார்ச்சில் இந்தியக் கடற்படையால் 17 பணியாளர்களுடன் மீட்கப்பட்டது. கொள்ளையரை உருவாக்கும் காரணங்கள் கரையில் இருந்தன. குழுவின் பணி கடலில் இருந்தது.

இரண்டாம் முறை தேர்வெழுதியபோது விடையைத் தொடங்கும் முன் முதல் ஐந்து நிமிடங்களை ஒரு சிறிய அட்டவணைக்கு ஒதுக்கினேன்: ஆணையிட்டவர், கேட்கப்பட்டது, கொடுக்கப்பட்டது, அதை ஏற்றுச் செயல்படுத்த வேண்டியவர். மூன்று குழுக்களை மட்டும் எடுத்து, நான்காவது கட்டத்துக்கே மிகுதியான இடம் கொடுத்தேன். தலைமையகம் எதையும் குறிப்பிடவில்லை. நீங்கள் படிக்கும்போது பாடநூல் சுருக்கத்தைத் திறப்பதற்கு முன், ஒவ்வொரு குழுவும் தானே வெளியிட்டுள்ள பணி ஆணையை ஒருமுறை முழுமையாகப் படித்து, அதில் வரும் வினைச்சொற்களை அடிக்கோடிடுங்கள். "ஆராய்", "பரிந்துரை", "கண்காணி", "தடு" ஆகிய நான்கும் நான்கு வேறுபட்ட எதிர்பார்ப்புகளைக் குறிப்பவை. அவற்றில் எது எந்தக் குழுவுக்கு உரியது என்று பிரித்துவிட்டால் விடையின் முதல் பத்தி தயாராகிவிடும்.