தன்னார்வலர் மேலாண்மை: பொதுச் சுகாதாரத் தேர்வுக்கு நான் படித்த விதம்

பொதுச் சுகாதார முதுகலைப் படிப்பில் தன்னார்வலர் மேலாண்மை எளிய பாடம் என்றெண்ணி, ஆள் சேர்ப்பு, பயிற்சி, மேற்பார்வை, பாராட்டு ஆகிய நான்கு தலைப்புகளை மனப்பாடம் செய்து உள்மதிப்பீட்டுத் தேர்வை எழுதினேன். 20-க்கு 9 மதிப்பெண்களே கிடைத்தன. "யார், என்ன வேலை, எத்தனை மணி நேரம்?" என்று என் விடையின் ஓரத்தில் ஆசிரியர் எழுதியிருந்தார். அந்த மூன்று கேள்விகளைக் கொண்டே பாடத்தை மீண்டும் படித்தேன்.

முதலில் எடுத்துக்கொண்டது, 1995-இல் இந்தியாவில் தொடங்கிய போலியோ சொட்டு மருந்துத் திட்டம். முகாமுக்குப் பின் வீடு வீடாகச் செல்லும் குழுவினர், ஐந்து வயதுக்குட்பட்ட எல்லாக் குழந்தைகளும் மருந்து பெற்ற வீட்டின் சுவரில் 'பி' என்றும், ஒரு குழந்தையேனும் விடுபட்டிருந்தால் 'எக்ஸ்' என்றும் சுண்ணக்கட்டியால் குறிப்பார்கள். 'எக்ஸ்' வீடுகளுக்கு மறுபடியும் செல்ல வேண்டும். களப்பயிற்சியில் நான் உடன் சென்ற குழுவின் மேற்பார்வையாளர், 'எக்ஸ்' அதிகமாக இருந்ததற்காகத் தன்னார்வலர்களைக் கடிந்துகொண்டார். மறுநாள் பூட்டிய வீடொன்றில்கூட 'பி' குறியைக் கண்டபோது எனக்கு மிகுந்த வருத்தம் ஏற்பட்டது. உண்மையைச் சொன்னவரைத் திட்டினால், விடுபட்ட குழந்தை கணக்கிலிருந்தே மறைந்துவிடும் என்பதைத்தான் அடுத்த தேர்வில் மேற்பார்வை குறித்த என் விடையின் மையமாக வைத்தேன்.

வேலை நேரத்துக்கு, கேரளத்தின் மலப்புறம் பகுதியில் வளர்ந்த அண்டை அயலார் வலி தணிப்புச் சிகிச்சை வலையமைப்பைப் படியுங்கள். வாரத்திற்கு இரண்டு மணி நேரமாவது ஒதுக்கக்கூடியவர்களைச் சேர்த்து, பயிற்சியளித்து, நோயாளிகளின் வீடுகளுக்கு அனுப்பும் முறை அது. கேட்கும் நேரம் தெளிவாகவும் சிறிதாகவும் இருப்பதால், வேலைக்குச் செல்பவராலும் குடும்பப் பொறுப்புள்ளவராலும் ஒப்புக்கொள்ள முடிகிறது.

ஊதியக் கேள்வியைத் தவிர்க்காதீர்கள். 2005-இல் தொடங்கிய தேசிய ஊரகச் சுகாதார இயக்கத்தின் ஆஷா பணியாளர்களை, அதாவது அந்தந்த ஊர்ப் பெண்களிலிருந்தே தேர்ந்தெடுக்கப்படும் சுகாதாரப் பணியாளர்களை, அரசு தன்னார்வலர்களாகவே வகைப்படுத்தி, ஊக்கத்தொகை வழங்குகிறது. ஆனால் பிரசவத்திற்குத் துணை செல்வது முதல் தடுப்பூசிக்குக் குழந்தைகளைத் திரட்டுவது வரை அவர்களின் பணி நீள்கிறது. நாள்தோறும் எதிர்பார்க்கப்படும் வேலையைத் தன்னார்வம் என்று அழைப்பது நியாயமன்று என்பது என் உறுதியான கருத்து. அதைக் காரணங்களோடு எழுதினேன்; இம்முறை அந்தப் பத்திக்கு அருகில் ஆசிரியர் சரிக்குறி இட்டிருந்தார்.